உபுண்டு 24.04-க்கு மாறிய பின் ஆர் மென்பொருள்: எந்த வழியில் நிறுவுவது?

லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவை 22.04-இலிருந்து 24.04-க்கு மேம்படுத்தி முடித்ததும், ஆர் மொழியில் புள்ளியியல் வேலை செய்பவர்கள் முதலில் கேட்பது, 'புதிய ஆர் எங்கே கிடைக்கும்?' என்பதைத்தான். அதற்கு விடை எளிது. ஆரை மட்டும் நிறுவுவது சில நிமிட வேலை. முடிவெடுக்க வேண்டிய கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. ஆருக்கு மதிப்பைத் தருபவை அதன் பேக்கேஜ்கள், அதாவது குறிப்பிட்ட வேலைகளுக்காகப் பிறர் எழுதிப் பகிரும் துணை நிரல் தொகுப்புகள். ஆரின் அதிகாரப்பூர்வ இணையக் களஞ்சியமான கிரானில் அவை 20,000-க்கும் அதிகம். முனைவர் பட்ட மாணவர் ஒருவரின் கணினியில் சில நூறு இருப்பது இயல்பு. அவற்றை எங்கிருந்து எடுக்கப்போகிறோம், அவை நம்பியிருக்கும் இயங்குதளக் கோப்புகளைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பு யாருடையது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை வைத்தே ஒவ்வொரு வழியையும் எடைபோடுகிறது.

அதற்கு முன், மேம்படுத்தும்போது உண்மையில் எது உடைகிறது என்று பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் எந்த வழியைத் தேர்ந்தாலும் பழைய பிழை புதிய இடத்திலும் வந்து நிற்கும்.

எது உடைகிறது

நாம் நிறுவும் பேக்கேஜ்களை ஆர் நமது பயனர் கோப்புறைக்குள், தன் பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்புறையில் வைக்கிறது. ஆர் 4.1-க்கு 4.1 என்றொரு கோப்புறை, 4.3-க்கு 4.3 என்று இன்னொன்று. உபுண்டு 22.04 தன் களஞ்சியத்தில் தந்தது ஆர் 4.1.2, உபுண்டு 24.04 தருவது 4.3.3. ஆகவே, மேம்படுத்திய பின் ஆர் திறக்கும்போது அது பார்ப்பது காலியான 4.3 கோப்புறையை. பலர் பயன்படுத்தும் தரவுக் கருவித் தொகுப்பான டைடிவெர்ஸைக் கேட்டால், 'டைடிவெர்ஸ் என்ற பேக்கேஜ் இல்லை' என்று சொல்கிறது. எதுவும் அழியவில்லை, எல்லாம் பழைய 4.1 கோப்புறையில் அப்படியே இருக்கின்றன. அவற்றை நகலெடுத்துப் புதிய கோப்புறையில் போடுவது மட்டும் கூடாது. அவை பழைய ஆருக்காகவும் பழைய இயங்குதளத்துக்காகவும் கம்பைல் செய்யப்பட்டவை, அதாவது மூலநிரலிலிருந்து கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றப்பட்டவை. ஆனால் அந்தக் கோப்புறை வேறொரு வகையில் உதவும்: ஒவ்வொரு பேக்கேஜுக்கும் அதனுள் ஓர் உட்கோப்புறை இருப்பதால், அந்தப் பெயர்களே எதையெல்லாம் மறுபடி நிறுவ வேண்டும் என்ற பட்டியல். புதியவை சரியாக ஓடும்வரை அதை அழிக்காமல் வைத்திருங்கள்.

இது வெளிப்படையான உடைப்பு, குழப்பம் இல்லாதது. இன்னொன்று மறைவானது. 22.04-இல் இருக்கும்போதே கிரானிலிருந்து ஆர் 4.4 நிறுவியிருந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 24.04-க்கு வந்த பின்னும் அவர்களிடம் இருப்பது 4.4. கோப்புறைப் பெயர் மாறவில்லை. ஆர் நம்பிக்கையோடு பழைய பேக்கேஜ்களைத் திறக்கப் போகிறது. அப்போது எழுத்துச் சரங்களைக் கையாளும் ஸ்ட்ரிங்கி பேக்கேஜ், ஐசியு நூலகத்தின் (நூலகம் என்பது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் இயங்குதளக் கோப்பு) 70-ஆம் எண் கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிடுகிறது. யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் அந்த நூலகம் 22.04-இல் 70-ஆம் பதிப்பாக இருந்தது, 24.04-இல் 74. ஸ்ட்ரிங்கி விழுந்தால் அதை நம்பியிருக்கும் ஸ்ட்ரிங்ஆர் விழும், அதோடு டைடிவெர்ஸும் விழும். நிலவரைபட வேலை செய்பவர்களுக்கு இதே கதை எஸ்எஃப் பேக்கேஜில் நடக்கும்: அது நம்பியிருக்கும் ஜிடால் நூலகம் 3.4-இலிருந்து 3.8-க்குத் தாவியிருக்கிறது.

இந்த இடத்தில் பலர் கை வைப்பது, எல்லாப் பேக்கேஜ்களையும் புதுப்பிக்கும் கட்டளையில், பழைய ஆரில் கட்டப்பட்டவற்றையும் சேர்த்துப் புதுப்பிக்கச் சொல்லும் தெரிவோடு. அந்தத் தெரிவு சோதிப்பது ஆரின் பதிப்பை மட்டுமே. ஆர் 4.4-இல் கட்டப்பட்ட பேக்கேஜ், ஆர் 4.4-இல் திறக்கப்படுகிறது, ஆகவே அதன் கணக்கில் குறை ஒன்றும் இல்லை. அடியில் இயங்குதளம் மாறிவிட்டதை அது அறியாது. இதற்கு ஒரே மருந்து, அந்தக் கோப்புறைக்கு வேறு பெயர் வைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவுவதுதான்.

மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது: நிர்வாகி அனுமதியோடு ஆரைத் திறந்து நிறுவிய பேக்கேஜ்கள் போய்ச் சேரும் பொதுக் கோப்புறை. அதன் பெயரில் பதிப்பு எண்ணே கிடையாது. நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய பேக்கேஜும் அங்கே உட்கார்ந்திருக்கும், எந்த ஆர் வந்தாலும் எட்டிப் பார்க்கும். புதிய வழி எதுவாக இருந்தாலும் முதலில் அந்த இடத்தைக் காலி செய்துவிடுவது நல்லது. ஆர் திறந்ததும் பேக்கேஜ் பாதைகளைக் காட்டச் சொன்னால், அது எந்தெந்தக் கோப்புறைகளைப் பார்க்கிறது என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும்.

உபுண்டுவின் சொந்த ஆர்

உபுண்டு 24.04 வெளியான நாள் 2024 ஏப்ரல் 25. அதற்கு முந்தின நாள்தான் ஆர் 4.4.0 வெளியானது. உபுண்டு தன் களஞ்சியத்தை அதற்கு முன்பே உறைய வைத்துவிட்டதால், உள்ளே அகப்பட்டது 4.3.3. இந்த உபுண்டுவில் இனி அந்தக் களஞ்சியம் தரப்போவது அதே எண்தான்.

இது குறை என்று நான் சொல்லமாட்டேன். டி-சோதனை, ஒட்டுறவு, பின்னடைவுக் கோடு என்று கற்கும் இளங்கலை மாணவருக்கு 4.3.3-இல் இல்லாதது எதுவும் இல்லை. டைடிவெர்ஸ், எல்எம்இ4, எஸ்எஃப் போன்ற முக்கியப் பேக்கேஜ்களும் கம்பைல் செய்து முடித்த வடிவில் அதே களஞ்சியத்தில் கிடைக்கின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்துபவை. இயங்குதள நூலகங்களோடும் பொருந்துபவை. ஒரு கட்டளை, வேலை முடிந்தது.

சிக்கல் தொடங்குவது, அங்கே இல்லாத ஒரு பேக்கேஜைக் கிரானிலிருந்து நேரடியாக எடுக்கும்போது. அது தனக்குத் துணையாகப் புதிய பேக்கேஜ்களைக் கேட்கும். அவற்றில் சில புதிய ஆரைக் கேட்கும். மேட்ரிக்ஸ் பேக்கேஜின் 1.7 பதிப்பு ஆர் 4.4 இல்லாமல் நிறுவப்படாது. உயிரியல் தரவுகளில் வேலை செய்பவர்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது: பயோகண்டக்டர் தொகுதியின் ஒவ்வொரு வெளியீடும் குறிப்பிட்ட ஆர் பதிப்போடு கட்டப்பட்டது. 4.3-இல் இருப்பவர் பயோகண்டக்டர் 3.18-ஐத் தாண்ட முடியாது. ஆகவே இந்த வழி, களஞ்சியத்துக்குள்ளேயே இருந்துவிடக்கூடியவர்களுக்கு. எல்லைக்கு வெளியே ஒரு கால் வைக்கத் தேவை உள்ளவர்கள் தொடக்கத்திலேயே வேறு வழிக்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கிரானின் உபுண்டு களஞ்சியம்

பெரும்பாலான வழிகாட்டிகள் பரிந்துரைப்பது இதைத்தான். மைக்கேல் ரட்டர் பராமரிக்கும் இந்தக் களஞ்சியம், ஆர் புதிதாக வெளியானதும் அதை உபுண்டுக்கு ஏற்ற வடிவில் தருகிறது. 22.04-இல் இதைப் பயன்படுத்தியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உபுண்டுவை மேம்படுத்தும் கருவி, வெளிக் களஞ்சியங்கள் அனைத்தையும் முடக்கிவிடுகிறது. பழைய ஆரை அது நீக்கியும் விடலாம், விட்டும் வைக்கலாம். விட்டுவைத்தால், உங்கள் கணினியில் இருப்பது 22.04-க்காகக் கட்டிய ஆர். அதன் எண் 4.4 என்றால், உபுண்டுவின் 4.3.3-ஐ விடப் பெரியது என்பதால், உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் அதைத் தொடாது. பதிப்பு எண்ணின் வாலைப் பார்த்தால் இது தெரியும்: அதில் 2204 என்று இருந்தால் பழைய வீட்டுக்குரியது, 2404 என்று இருந்தால் இந்த வீட்டுக்குரியது. களஞ்சிய முகவரியில் 22.04-இன் பெயரான 'ஜாமி' இருக்கும் இடத்தில் 24.04-இன் பெயரான 'நோபிள்' என்று மாற்றி, முடக்கத்தை நீக்கிப் புதுப்பித்தால், ஆப்ட் சரியானதைக் கொண்டுவந்துவிடும்.

இந்த வழியின் பலம் புதுமை. அதுவே அதன் ஆபத்தும். ஆண்டுதோறும் ஏப்ரல் வாக்கில் ஆரின் அடுத்த பதிப்பு வரும். வழக்கமான கணினிப் புதுப்பிப்போடு அது ஓசையில்லாமல் இறங்கும். மறுநாள் பேக்கேஜ் கோப்புறை காலி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் இது நடந்தால் எவ்வளவு பதற்றம் என்று சொல்லத் தேவையில்லை. ஆர் நிறுவிய கையோடு, நாம் சொல்லும்வரை அதை மாற்றாதே என்று ஆப்டுக்குக் கட்டளையிட்டு நிறுத்திவைக்கலாம். நிறுத்திவைப்பதை நான் எல்லோருக்கும் வற்புறுத்துகிறேன்.

இவ்வளவு செய்த பிறகும், தொடக்கத்தில் சொன்ன கேள்வி தீரவில்லை. இந்தக் களஞ்சியம் தருவது ஆரை. பேக்கேஜ்களைப் பொறுத்தவரை, கிரான் விண்டோஸுக்கும் மேக்குக்கும் கம்பைல் செய்த வடிவைத் தருகிறது. லினக்ஸுக்கு மூலநிரலை மட்டுமே தருகிறது. அதனால், பேக்கேஜ் நிறுவும் கட்டளையை அழுத்தியதும் நம் கணினி சி, சி++, ஃபோர்ட்ரான் நிரல்களைக் கம்பைல் செய்யத் தொடங்குகிறது. சாதாரண மடிக்கணினியில் டைடிவெர்ஸ் முழுவதும் முடிய அரை மணி நேரம்கூட ஆகலாம். அதுவும் எல்லாம் சரியாக இருந்தால். எக்ஸ்எம்எல், கர்ல், ஓபன்எஸ்எஸ்எல் ஆகியவற்றின் மேம்பாட்டுக் கோப்புகள் இல்லை என்றால் பாதியில் நிற்கும். ஒன்றை நிறுவி மறுபடி தொடங்கினால் ஹார்ஃப்பஸ் இல்லை, ஃப்ரிபிடி இல்லை என்று அடுத்த இடத்தில் நிற்கும். இதில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் புள்ளியியல் செய்ய உட்கார்ந்தவரிடம் அந்த விலையைக் கேட்பது நியாயமில்லை, அதுவும் வேறு வழிகள் இருக்கும்போது.

பேக்கேஜ்களை ஆயத்தமாகப் பெறும் இரண்டு வழிகள்

முடிவின் மையம் இங்கேதான் இருக்கிறது. லினக்ஸில் பேக்கேஜ்களைக் கம்பைல் செய்யாமல் பெற இன்று இரண்டு நல்ல வழிகள் உள்ளன. இரண்டுமே இலவசம். இரண்டின் குணமும் வேறு.

முதலாவது ஆர்2யு. உபுண்டுவின் அடிப்படையான டெபியனில் ஆரை நெடுங்காலமாகப் பராமரித்துவரும் டர்க் எடல்பியூட்டல் உருவாக்கியது. இல்லினாய் பல்கலைக்கழகச் சேவையகத்திலிருந்து வருகிறது. கிரானில் உள்ள ஏறத்தாழ எல்லாப் பேக்கேஜ்களையும், உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு, ஆப்ட் புரிந்துகொள்ளும் கோப்புகளாக அது கட்டித் தருகிறது. இதன் பயன் வேகம் மட்டும் அன்று. வேகமும் வியப்பானதுதான், டைடிவெர்ஸ் நல்ல இணைப்பில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பெரிய பயன், பொறுப்பு இடம் மாறுவது. எஸ்எஃப் கேட்டால், அது நம்பியிருக்கும் ஜிடால், ஜியோஸ், புரோஜ் ஆகியவை அனைத்தையும் ஆப்ட் சேர்த்தே நிறுவுகிறது. அந்த நூலகங்களைப் பின்னாளில் யாரும் தவறிப்போய் நீக்கிவிட முடியாது. நீக்கப்போனால், எஸ்எஃப்பும் போய்விடும் என்று ஆப்ட் முன்கூட்டியே சொல்லும். பிஎஸ்பிஎம் என்ற துணைப் பேக்கேஜைச் சேர்த்துவிட்டால், ஆருக்குள்ளிருந்து கொடுக்கும் வழக்கமான நிறுவும் கட்டளையே உள்ளுக்குள் ஆப்டை அழைக்கும். பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

இதன் எல்லைகளும் தெளிவானவை. நிர்வாகி அனுமதி இல்லாத கணினியில் உதவாது. கணினிக்கு ஒரே ஒரு ஆர், ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரே ஒரு பதிப்பு, அதுவும் எப்போதும் புதியது. சென்ற ஆண்டு ஒரு கட்டுரைக்குப் பயன்படுத்திய பழைய பதிப்பைத் தா என்று கேட்டால் அதனிடம் இல்லை.

இரண்டாவது, ஆர் நிரல்களை எழுதி ஓட்டும் செயலியான ஆர்ஸ்டுடியோவை உருவாக்கிய நிறுவனத்தின் பொதுப் பேக்கேஜ் சேவையகம். அந்த நிறுவனம் 2022-இல் தன் பெயரைப் பாசிட் என்று மாற்றிக்கொண்டது. இங்கே பேக்கேஜ்கள் ஆப்ட் வழியாக வருவதில்லை; ஆரின் வழக்கமான கட்டளை வழியாகவே, ஆனால் கம்பைல் செய்த வடிவில் வருகின்றன. ஆரின் அமைப்புக் கோப்பில் சேவையகத்தின் முகவரியை எழுதிவைத்தால் போதும். பயனர் கோப்புறைக்குள்ளேயே நிறுவலாம்; நிர்வாகி அனுமதி தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முகவரியில் ஒரு தேதியைக் குறிப்பிட்டால் கிரான் அந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே கிடைக்கிறது. இதே சேவையை முன்பு மைக்ரோசாஃப்ட் தன் எம்ரான் சேவையகத்தில் தந்துவந்தது; 2023 ஜூலையில் அது மூடப்பட்ட பிறகு, அதை நம்பிய நிரல்கள் பல முகவரி இழந்தன. ஒரு நிறுவனத்தின் இலவசச் சேவையை நம்பும்போது அந்த நினைவு இருக்க வேண்டும்.

மேம்படுத்திய கணினியில் இந்த வழிக்கே உரிய ஒரு பொறி உண்டு. சேவையக முகவரிக்குள் உபுண்டுவின் பெயர் இருக்கிறது. பழைய அமைப்புக் கோப்பில் 'ஜாமி' என்று எழுதியிருந்தால், மேம்படுத்திய பின்னும் 22.04-க்கான பேக்கேஜ்களே இறங்கும். நிறுவல் வெற்றி என்று சொல்லும். திறக்கும்போது பழைய நூலகத்தைக் காணோம் என்று அழும். அந்த ஒரு சொல்லை மாற்றினால் தீரும். டெர்மினலில் ஆர் பயன்படுத்துபவர்கள், தம் ஆர் பதிப்பையும் இயங்குதளத்தையும் சேவையகத்துக்கு அறிவிக்கும் ஒரு வரியையும் அமைப்புக் கோப்பில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மூலநிரல்தான் வரும். ஆர்ஸ்டுடியோ அதைத் தானே செய்துகொள்கிறது. மற்றொன்று: ஜிடால் போன்ற இயங்குதள நூலகங்களை இந்தச் சேவையகம் நிறுவாது. பாக் என்ற நிறுவல் பேக்கேஜை வைத்துக்கொண்டால், எவை தேவை என்று அது கண்டுபிடித்துச் சொல்லும்; அனுமதி இருந்தால் நிறுவியும் தரும்.

என் தீர்ப்பு இது. கணினி உங்களுடையது, எப்போதும் புதிய பேக்கேஜ்களோடு வேலை செய்கிறீர்கள் என்றால் ஆர்2யு. ஒரு தேதியில் நின்று வேலை செய்ய வேண்டும், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட ஆர் வேண்டும் என்றால் பாசிட் சேவையகம். இரண்டையும் ஒரே ஆரில் கலக்காதீர்கள். பயனர் கோப்புறையில் இருக்கும் பேக்கேஜ், ஆப்ட் நிறுவியதை முந்திக்கொண்டு திறக்கும். எது எங்கிருந்து வந்தது என்ற கணக்கு குலைந்துவிடும்.

பல ஆர்கள் வேண்டுமென்றால்

காபோர் சார்டி எழுதிய ரிக் என்ற சிறு கருவி, ஒரே கணினியில் ஆர் 4.1, 4.3, 4.4 எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள உதவுகிறது. எந்தப் பதிப்பு இயல்பாகத் திறக்க வேண்டும் என்று ஒரு கட்டளையில் மாற்றலாம்; குறிப்பிட்ட ஆரோடு ஆர்ஸ்டுடியோவைத் திறக்கவும் செய்யலாம். உபுண்டுவில் நிறுவும்போது பாசிட் சேவையகத்தையும் பாக்கையும் அதுவே அமைத்துத் தருகிறது. ஆப்டின் வழக்கமான புதுப்பிப்பு இந்த ஆர்களைத் தொடாததால், ஏப்ரல் மாத அதிர்ச்சியும் இல்லை. ஆய்வு மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பேக்கேஜ் எழுதுபவர்களுக்கு இது இல்லாமல் முடியாது; தங்கள் நிரல் பழைய ஆரிலும் ஓடுகிறதா என்று அவர்கள் பார்த்தாக வேண்டும்.

மென்பொருள்களைத் தனிச் சூழலுக்குள் நிறுவித் தரும் கோண்டாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பைத்தானையும் ஆரையும் ஒரே திட்டத்தில் சேர்த்துப் பயன்படுத்துபவர்களுக்கும், நிர்வாகி அனுமதி கிடைக்காத பல்கலைக்கழகக் கணினித் தொகுதியில் வேலை செய்பவர்களுக்கும் அது உண்மையிலேயே நல்ல வழி. ஆர், பேக்கேஜ்கள், ஐசியு, ஜிடால் எல்லாம் ஒரே சூழலுக்குள் அடங்கிவிடுவதால் இயங்குதளம் மேம்பட்டாலும் பெரும்பாலும் அசையாது. ஆனால் அந்தச் சூழலுக்குள் இருந்துகொண்டு ஆரின் வழக்கமான கட்டளையில் பேக்கேஜ் நிறுவினால், கோண்டாவின் கம்பைலரும் இயங்குதளத்தின் நூலகங்களும் மோதும். அந்தப் பிழைச் செய்திகளை அவிழ்ப்பது கடினம். எல்லாப் பேக்கேஜும் கோண்டாவில் இல்லை என்பதால் ஒருநாள் அப்படி நிறுவ நேர்ந்தேவிடும். சாதாரண உபுண்டு மடிக்கணினியில் ஆருக்காக மட்டும் கோண்டாவை நிறுவக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. நிறுவுவதாக இருந்தால், அதன் கட்டணமில்லாத நிறுவியான மினிஃபோர்ஜ் வழியாக நிறுவுங்கள். அனகோண்டாவின் சொந்தக் களஞ்சியத்துக்கு, பெரிய நிறுவனங்களிடம் கட்டணம் கேட்கும் நிபந்தனை உண்டு.

மென்பொருளை அதன் இயங்குதளக் கோப்புகளோடு சேர்த்துக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் வழி வேறு தேவைக்கானது. கார்ல் பெட்டிகரும் டர்க் எடல்பியூட்டலும் 2014-இல் தொடங்கிய ராக்கர் திட்டம், ஒவ்வொரு ஆர் பதிப்பையும் அதற்குரிய உபுண்டுவோடு சேர்த்துப் படிமமாக, அதாவது அந்தப் பெட்டியை உருவாக்கும் அச்சாக, தருகிறது. பழைய பதிப்புகளின் படிமத்தில், பேக்கேஜ் சேவையகம் அந்தக் காலத்துத் தேதியிலேயே நிறுத்தப்பட்டிருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட கட்டுரையின் முடிவுகளை மதிப்புரையாளர் மறுபடி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திட்டத்தின் பேக்கேஜ் பதிப்புகளைக் குறித்துவைக்கும் ரென்வ் பேக்கேஜ் எழுதிவைத்த பூட்டுக் கோப்பு உங்களிடம் இருக்கிறது. அதில் ஆர் பதிப்பும் பேக்கேஜ் பதிப்புகளும் உள்ளன. இயங்குதள நூலகங்கள் இல்லை. 24.04-இல் அந்தப் பழைய மூலநிரல்களைக் கம்பைல் செய்யப் போனால், ஜிசிசி கம்பைலரின் 11-ஆம் பதிப்புக்கு எழுதியவை அதன் 13-ஆம் பதிப்பில் சில இடங்களில் சண்டை பிடிக்கும். ராக்கர் படிமத்துக்குள் அதே பூட்டுக் கோப்பைத் திறந்தால் அந்தச் சண்டை பெரும்பாலும் எழாது. அன்றாட வேலைக்கு டாக்கர் சுமை. படிமங்கள் பெரியவை, கோப்புகளை வெளியோடு இணைக்காமல் விட்டால் கண்டெய்னரை நீக்கும்போது அவையும் போய்விடும். முடிந்துபோன வேலையைப் பாதுகாக்க அதைவிடச் சிறந்ததை நான் காணவில்லை.

தமிழ்த் தரவு வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸில் ஆர் 4.2-க்கு முன்பு தமிழ் எழுத்துகள் கோண அடைப்புக்குள் யூனிகோட் எண்களாகக் காட்சியளித்த காலம் பலருக்கு நினைவிருக்கும். 2022-இல் வந்த 4.2, எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தை விண்டோஸிலும் இயல்பாக்கியது. உபுண்டுவில் அந்தத் தொல்லை இல்லை என்றாலும், எந்த வழியில் ஆர் நிறுவினீர்கள் என்பதைப் பொறுத்து வேறு இரண்டு இடங்களில் தமிழ் தடுமாறும்.

ஒன்று, வரைபடங்கள். ஆரின் இயல்பான பிடிஎஃப் வெளியீட்டு வழிக்குத் தமிழ் தெரியாது. எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள் வரும். கெய்ரோ என்ற வரைகலை நூலகம் வழியாகப் பிடிஎஃப் எழுதச் சொன்னால் சரியாக வரும். பிஎன்ஜி படங்களுக்கு ராக் என்ற பேக்கேஜ் நன்றாக வேலை செய்கிறது. கம்பைல் செய்யும்போது ஹார்ஃப்பஸையும் ஃப்ரிபிடியையும் கேட்டு நம்மைத் தொல்லைப்படுத்துவது இதன் துணைப் பேக்கேஜ்தான். காரணம் இல்லாமல் கேட்கவில்லை. கொம்பை எழுத்துக்கு முன்னும் காலைப் பின்னும் கொண்டுபோய் வைப்பது ஹார்ஃப்பஸின் வேலை. நிறுவி முடித்ததும், 'கோயம்புத்தூர்' என்ற சொல்லை அச்சுப் பெயராக வைத்து ஒரு படம் வரைந்து பாருங்கள். கோ சரியாக வந்தால் மற்றவையும் வரும். டாக்கர் படிமத்துக்குள் தமிழ் எழுத்துரு இராது. வெறும் கட்டங்கள் தெரிந்தால், லோகித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருவைப் படிமத்துக்குள் நிறுவ வேண்டும்.

மற்றொன்று அகரவரிசை. யூனிகோடில் எழுத்துகள் அடுக்கப்பட்ட வரிசையும் நம் அகராதி வரிசையும் ஒன்றல்ல. அங்கே னகரம் பகரத்துக்கு முன் நிற்கிறது. றகரம் லகரத்துக்கு முன் நிற்கிறது. மொழி அமைப்பு எதுவும் இல்லாத கண்டெய்னரிலோ சேவையகத்திலோ ஊர்ப் பெயர்களை வரிசைப்படுத்தினால் அந்த எண் வரிசைதான் கிடைக்கும். ஸ்ட்ரிங்கியில் தமிழ் மொழியைக் குறிப்பிட்டு வரிசைப்படுத்தச் சொன்னால், ஐசியு நம் வரிசையில் அடுக்கித் தரும். எந்தக் கணினியில் ஓடினாலும் ஒரே முடிவு வேண்டும் என்றால், கணினியின் மொழி அமைப்பை நம்பாமல் நிரலிலேயே அதை எழுதிவிடுவது மேல்.

கல்லூரி ஆய்வகம்

இறுதியாக ஒரு சூழலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் மேலே உள்ள தீர்ப்புகள் தனி ஒருவரின் கணினியை மனத்தில் வைத்தவை. 30 அல்லது 40 கணினிகள் உள்ள புள்ளியியல் ஆய்வகத்தை விடுமுறையில் 24.04-க்கு மாற்றியிருக்கிறார்கள். மாணவர்களுக்கு நிர்வாகி அனுமதி கிடையாது. அவர்கள் ஒவ்வொருவரும் தம் கோப்புறையில் டைடிவெர்ஸைக் கம்பைல் செய்யத் தொடங்கினால் முதல் வகுப்பு அதிலேயே போய்விடும்.

இங்கே ஆர்2யு அளவுக்கு வேறு எதுவும் பொருந்தாது. பாடத்திட்டத்துக்குத் தேவையான பேக்கேஜ்களின் பெயர்களை ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதி, அதே ஆப்ட் கட்டளையை எல்லாக் கணினிகளிலும் ஓட்டினால், ஒவ்வொன்றிலும் ஒரே பதிப்புகள் இருக்கும். ஆசிரியரின் திரையில் வரும் விடை மாணவர் திரையிலும் வரும். இணைய வேகம் குறைவாக உள்ள கல்லூரியில், ஆப்ட் கோப்புகளைச் சேமித்து மற்றக் கணினிகளுக்குத் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சேவையை ஒரு கணினியில் ஓடவிட்டால், ஒவ்வொரு பேக்கேஜும் வெளியிலிருந்து ஒரே முறைதான் இறங்கும். ஆர்2யுவின் முகவரி எச்டிடிபிஎஸ் என்று இருந்தால் அந்தச் சேவையால் அதை அப்படியே சேமிக்க முடியாது. அதற்கான மாற்று முகவரி அமைப்பை முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும். நிறுவி முடித்ததும் பருவம் முடியும்வரை ஆரையும் அந்தப் பேக்கேஜ்களையும் புதுப்பிக்காமல் நிறுத்திவையுங்கள். அடுத்த பருவத்துக்கு முன், ஒரே ஒரு கணினியில் புதுப்பித்து, அந்தப் பருவத்தின் பயிற்சித் தாள்கள் அனைத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடலாம்.